மகத்தான ஆல்பங்களின் தரவரிசை: ஏறியது எது, இறங்கியது எது, ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாதுங்காவில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். எல்லாரும் தமிழர்கள். தாராவி, செம்பூர், ஆன்டாப் ஹில், வாஷி என்று பல பக்கமிருந்தும் வருவார்கள். ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பேசாமல் கேட்போம். கேட்டு முடித்ததும் பேச்சு எப்படியும் தரவரிசையில்தான் வந்து நிற்கும். உலகத்தின் மிகச் சிறந்த ஆல்பங்கள் என்று போடுகிறார்களே, அந்தப் பட்டியல்களை நம்பலாமா, அதில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் பட்டியலை வைத்துப் பேசுகிறீர்கள்?

முக்கியமாக அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 ஆல்பங்களின் பட்டியல். 2003இல் முதல் முறை வந்தது, 2012இல் திருத்தி வந்தது, 2020இல் புதிதாக வந்தது. ஒரே இதழ், ஒரே தலைப்பு, ஒரே 500 இடம் என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடத் தோதானது. பக்கத்தில் வைத்துப் பார்க்க, ஆப்பிள் மியூசிக் 2024 மே மாதம் வெளியிட்ட 100 ஆல்பங்களின் பட்டியலையும் எடுத்துக்கொள்கிறேன்.

2003க்கும் 2020க்கும் நடுவில் என்ன மாறியது?

முதல் பத்தைப் பார்த்தாலே தெரியும். 2003இல் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. இரண்டாவது பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்'. அதற்குப் பின் 'ரிவால்வர்', 'ஹைவே 61 ரீவிசிட்டட்', 'ரப்பர் சோல்', 'வாட்ஸ் கோயிங் ஆன்', 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்', 'லண்டன் காலிங்', 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்', கடைசியாக வெள்ளை ஆல்பம் என்று எல்லாரும் கூப்பிடும் 'தி பீட்டில்ஸ்'. பத்தில் நான்கு பீட்டில்ஸ், இரண்டு பாப் டிலன். கறுப்பினக் கலைஞர் மார்வின் கே ஒருவர்தான். பெண் பெயரில் ஒன்றுகூட இல்லை.

2020இல் அதே மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆறிலிருந்து முதலிடத்துக்கு வந்தது. 'பெட் சவுண்ட்ஸ்' இரண்டிலேயே நின்றது. மூன்றாவது ஜோனி மிட்செலின் 'ப்ளூ', 2003இல் 30ஆம் இடம். நான்காவது ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்', முன்பு 56. அப்புறம் 'அபே ரோடு', 'நெவர்மைண்ட்', 'ரூமர்ஸ்', பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்', டிலனின் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்'. பத்தாவது லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'. அது 2003இல் 312ஆம் இடத்தில் கிடந்தது.

இரண்டு முதல் பத்திலும் பொதுவாக இருப்பவை இரண்டே ஆல்பங்கள். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' 24க்குப் போய்விட்டது. 'ரப்பர் சோல்' 5இலிருந்து 35க்கு, 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' 9இலிருந்து 38க்கு. மொத்தப் பட்டியலில் 154 ஆல்பங்கள் முந்தைய இரண்டு பதிப்புகளிலும் இல்லாத புது வரவுகள்.

இதில் என் கண்ணில் முதலில் பட்டது 'அபே ரோடு'. பீட்டில்ஸின் மற்ற ஆல்பங்கள் வரிசையாக இறங்கும்போது இது மட்டும் 14இலிருந்து 5க்கு ஏறியிருக்கிறது. ஆப்பிள் பட்டியலிலும் மூன்றாவது இதுதான். பீட்டில்ஸ் மேல் மதிப்பு குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அந்தக் குழுவுக்கு எந்த ஆல்பம் அடையாளம் என்பது கைமாறியிருக்கிறது. 'ஹியர் கம்ஸ் தி சன்' இருப்பது இந்த ஆல்பத்தில்தான். ஸ்பாட்டிஃபையில் பீட்டில்ஸ் பாடல்களிலேயே அதிகம் கேட்கப்படுவது அந்தப் பாட்டு. இளைய வாக்காளர் பீட்டில்ஸுக்குள் நுழையும் வாசல் 1967இன் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இல்லை, 1969இன் 'அபே ரோடு' என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பட்டியல் இளமையாகிவிட்டது, இல்லையா?

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது.

முதல் பத்து ஆல்பங்களையும் வெளிவந்த ஆண்டுப்படி வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்கும் இரண்டின் ஆண்டுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பதை 'நடு ஆண்டு' என்று வைத்துக்கொள்வோம். 2003 பட்டியலில் நடுவில் நிற்பவை 1966, 1967. ஆக நடு ஆண்டு 1966.5. 2020 பட்டியலில் 1975, 1976. நடு ஆண்டு 1975.5.

ஒன்பது ஆண்டுகள் முன்னால் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பட்டியலுக்கும் இடையில் காலண்டர் 17 ஆண்டுகள் நகர்ந்துவிட்டதே! 2003இல் முதல் பத்தின் நடு வயது முப்பத்தாறரை. 2020இல் நாற்பத்து நாலரை. முதல் பத்துக்கு எட்டு வயது கூடியிருக்கிறது. 2020இன் முதல் பத்தில் ஆகப் புதியது லாரின் ஹில்லின் 1998 ஆல்பம்தான். இந்த நூற்றாண்டில் வந்த ஆல்பம் முதல்முதலாகத் தலைகாட்டுவது 17ஆம் இடத்தில், கான்யே வெஸ்ட்டின் 2010 ஆல்பம். 500இல் 86 இந்த நூற்றாண்டினுடையவை. நூற்றுக்குப் பதினேழு.

எனவே நடந்தது புதுமைக்குப் போன மாற்றம் என்பதைவிட, பழைய காலத்தைத் திரும்பிப் பார்த்ததில் வந்த மாற்றம் என்பது பொருந்தும். 1971இல் வந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' அப்போதும் இருந்தது. 1971இல் வந்த 'ப்ளூ' அப்போதும் இருந்தது. அந்த ஆண்டுகளிலிருந்து யாரை முன்னால் கூப்பிடுவது என்பதில்தான் முடிவு மாறியிருக்கிறது.

உண்மையிலேயே இளமையான பட்டியல் வேண்டுமென்றால் ஆப்பிளுடையதைப் பாருங்கள். முதலிடம் லாரின் ஹில். பிறகு 'த்ரில்லர்', 'அபே ரோடு', 'பர்ப்பிள் ரெயின்', ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்', 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்', கெண்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி', ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்', 'நெவர்மைண்ட்', பியான்சேயின் 'லெமனேட்'. நடு ஆண்டு 1994.5, வயது இருபத்தொன்பதரை. 2003இன் ரோலிங் ஸ்டோன் முதல் பத்திலிருந்து ஒன்றுகூட இங்கே இல்லை. 2020இன் முதல் பத்திலிருந்து ஐந்து இருக்கின்றன.

சராசரி போட்டால் போதாதா, எதற்கு நடு ஆண்டு?

ஒரு ஆல்பம் மட்டும் தள்ளி நின்றால் சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடும். 2003 பத்தில் 'லண்டன் காலிங்' அப்படித் தள்ளி நிற்பது. அது பிரிட்டனில் 1979 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1980 ஜனவரியில். ரோலிங் ஸ்டோன் இதழே அதை எண்பதுகளின் சிறந்த ஆல்பம் என்று அறிவித்திருக்கிறது. 1979 என்று எழுதினாலும் 1980 என்று எழுதினாலும் நடு ஆண்டு அசையாது. பத்தாண்டு வாரியாகப் பிரித்து எண்ணினால் மட்டும் கவனம் வேண்டும். ஒரு மாத வித்தியாசத்தில் ஆல்பம் எழுபதுகளிலிருந்து எண்பதுகளுக்குத் தாவிவிடும்.

2003, 2012, 2020 மூன்றையும் சேர்த்து ஒரு கோடு வரையலாமா?

வரையாதீர்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

மூன்று புள்ளி வைத்துக் கோடு போட்டால், ஒன்பது ஆண்டு எதுவும் அசையவில்லை, பிறகு எட்டே ஆண்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று தெரியும். உடனே 2012க்கும் 2020க்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடக் கிளம்பிவிடுவோம். ஸ்ட்ரீமிங் வந்தது, அரசியல் மாறியது என்று காரணங்களும் சுலபமாகக் கிடைத்துவிடும். உண்மையில் 2012 பதிப்பு தனியாக எடுத்த வாக்கெடுப்பே இல்லை. 2003இன் பழைய வாக்குகளோடு, இரண்டாயிரங்களில் வந்த ஆல்பங்களுக்காகப் பின்னால் எடுத்த இன்னொரு வாக்கெடுப்பைச் சேர்த்துத் தைத்தது. அதனால்தான் முதல் பத்து அப்படியே நின்றது. 2020 பதிப்புக்குத்தான் பழைய வாக்குகளை ஒதுக்கிவிட்டு முழுக்கப் புதிதாக வாக்கெடுத்தார்கள்.

ஆக நம் கையில் இருப்பது இரண்டு புள்ளிகள். நடுவில் இருப்பது முதல் புள்ளியின் நிழல். 17 ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்ததா, ஒரே மூச்சில் நடந்ததா என்று இந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல வழியில்லை.

மாறியது ரசனையா, வாக்களித்த ஆட்களா?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எங்கள் கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், சிறந்த பத்துத் தமிழ்த் திரையிசை ஆல்பங்களுக்கு எங்களுக்குள் வாக்கெடுப்பு வைத்தோம். அன்று காலையிலிருந்தே மழை. கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர், ஹார்பர் லைனில் வண்டி நின்றுவிட்டது. வாஷியிலிருந்தும் ஐரோலியிலிருந்தும் வர வேண்டிய பிள்ளைகள் யாருமே வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஐ.டி. வேலைக்காக மும்பை வந்த இளைஞர்கள். வந்தது மாதுங்கா, சயான் பக்கம் நடந்து வரக்கூடியவர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். சீட்டுகளை எண்ணினால் எழுபதுகளின் எம்.எஸ். விஸ்வநாதனும் எண்பதுகளின் இளையராஜாவுமாகப் பட்டியல் நிறைந்திருந்தது. அடுத்த மாதம் வெயில் அடித்தது, எல்லாரும் வந்தார்கள், அதே சீட்டு, அதே கேள்வி. ஏ.ஆர். ரஹ்மானின் நான்கு ஆல்பங்கள் உள்ளே வந்துவிட்டன. ஒரு மாதத்தில் மாதுங்கா தமிழரின் ரசனை மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

ரோலிங் ஸ்டோனிலும் அப்படி ஒன்று பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2003இல் வாக்களித்தவர்கள் 273 பேர். ராக் இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் இசைத்துறைக்காரர்களும். 2020இல் 300க்கும் மேற்பட்டவர்கள், அதில் பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ் போன்றவர்களும் உண்டு. ராப் ஆல்பங்கள் 2003இல் இருந்ததைப் போல மூன்று மடங்கு வந்தன. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 1988 ஆல்பம் 2003இல் 48ஆம் இடம், 2020இல் 15. இதை ராப் மேல் திடீர்ப் பாசம் என்று படிப்பதா, ராப் கேட்டு வளர்ந்தவர்கள் கையில் வாக்குச்சீட்டு வந்தது என்று படிப்பதா? இரண்டிலும் உண்மை இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இரண்டு முறையும் வாக்களித்தவர்களின் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட வேண்டும்.

அளவுகோலை மாற்றினால் அளவு மாறும் என்பதற்கு இசை உலகிலேயே இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியல் 1991 மே வரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொல்லும் தகவலை நம்பித் தயாரானது. அந்த மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடு படும் ஒவ்வொரு விற்பனையும் நேராகக் கணக்கில் ஏறியது. ஜூன் மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. கன்ட்ரி இசையும் மேலே ஏறியது. மக்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அது கடைக்காரர் தொலைபேசியில் சொன்ன பட்டியலில் முழுசாக வந்து சேரவில்லை.

1இலிருந்து 24க்குப் போனது பெரிய வீழ்ச்சியா? 312இலிருந்து 10க்கு வந்தது அதைவிடப் பெரிய ஏற்றமா?

இடம் என்பது வேறு, வாக்கு என்பது வேறு. தேர்வில் முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் நடுவில் ஒரு மதிப்பெண்ணும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். ரேங்க் அட்டையில் அது தெரியாது.

2020இல் வாக்களித்தவர்கள் ஆளுக்கு 50 ஆல்பங்களை வரிசைப்படுத்தித் தந்தார்கள். 300 பேர் என்று வைத்தால் 15,000 இடங்கள். வாக்கு விழுந்த ஆல்பங்கள் 3,000க்கும் மேல். சராசரி பார்த்தால் ஓர் ஆல்பத்துக்கு ஐந்து சீட்டு. மேலே இருப்பவை நிறைய அள்ளிக்கொண்டிருக்கும், அப்படியானால் 450ஆம் இடத்தருகே எத்தனை மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒருவர் மனம் மாறினாலே ஓர் ஆல்பம் பல படி ஏறி இறங்கும். அதனால் நான் 300க்குக் கீழே தனி ஆல்பங்களின் ஏற்ற இறக்கத்தைப் பேசுவதே இல்லை. கூட்டமாகச் சேர்த்து, எழுபதுகள் எத்தனை, பெண்கள் எத்தனை, ராப் எத்தனை என்று மட்டும் எண்ணுவேன். 312இலிருந்து 10 என்பது அந்தத் தடுமாற்றத்துக்குள் அடங்காது. அது நிஜமான ஏற்றம்.

மதிப்பெண் போடும் முறையும் முடிவை மாற்றும். ஒன்பது பேர் இருக்கும் வட்டத்தில் நான்கு பேர் ஓர் ஆல்பத்துக்கு முதலிடம் தருகிறார்கள், மற்ற ஐந்து பேர் அதைச் சீண்டவே இல்லை. இன்னொரு ஆல்பத்துக்கு ஒன்பது பேரும் மூன்றாம் இடம் தருகிறார்கள். முதலிடத்துக்கு 10, மூன்றாமிடத்துக்கு 8 என்று போட்டால் முதல் ஆல்பத்துக்கு 40, இரண்டாவதற்கு 72. முதலிட வாக்கை மட்டும் எண்ணினால் நாலுக்குப் பூஜ்யம். எது மகத்தானது, நாலு பேர் உயிரை விடுவதா, ஒன்பது பேருக்கும் பிடித்ததா? 'பெட் சவுண்ட்ஸ்' மூன்று பதிப்பிலும் இரண்டாம் இடத்தில் அசையாமல் இருப்பதைப் பார்க்கும்போது, அது இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றும்.

பட்டியலில் இல்லாத ஆல்பத்துக்கு என்ன எண் போடுவது?

501 என்று போடாதீர்கள். 501ஆக இருந்திருக்கலாம், 3,000ஆகவும் இருந்திருக்கலாம். கட்டத்தைக் காலியாக விட்டு 'வெளியே' என்று எழுதுங்கள்.

அறுபதுகளும் எழுபதுகளும் ஏன் இவ்வளவு ஆதிக்கம்?

ஒரு காரணம் பொருள் சார்ந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று ஓடும் எல்.பி. இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். ஆல்பத்தை ஒரே படைப்பாக யோசிப்பது ராக் இசையில் அறுபதுகளின் நடுவில்தான் வேரூன்றியது. அந்த வடிவம் புதிதாக இருந்தபோது செய்தவர்களுக்கு மரியாதை அதிகம். 2003 பட்டியலில் ராபர்ட் ஜான்சன், சக் பெர்ரி ஆகியோர் தொகுப்பு ஆல்பங்கள் வழியாகத்தான் வர முடிந்தது. அவர்கள் செய்தது தனிப் பாட்டுகள்.

இன்னொன்று வயது. பதின்பருவம் முதல் இருபதுகளின் நடு வரை கேட்ட இசை மனதில் அழுத்தமாகப் பதிகிறது என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1968இல் பிறந்த தமிழருக்கு அது எண்பதுகளின் இளையராஜா. 1980இல் பிறந்தவருக்குத் தொண்ணூறுகளின் ரஹ்மான். எங்கள் சீட்டுகளில் பிறந்த ஆண்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஆல்பங்களை மட்டும் பார்த்தே ஆளின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன்.

இந்த உலகப் பட்டியல்களில் தமிழ் எங்காவது இருக்கிறதா?

ரோலிங் ஸ்டோனின் 2020 பட்டியலில் ரோசலியா, பேட் பன்னி, டாடி யாங்கி என்று ஸ்பானிஷ் மொழி ஆல்பங்கள் வந்தன. தமிழ்த் திரையிசை இல்லை. ஆனால் தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிரிட்டிஷ் கலைஞர் எம்.ஐ.ஏ. என்கிற மாயா தந்தையின் பெயரை வைத்து 2005இல் வெளியிட்ட 'அருளர்'. தாயின் பெயரை வைத்த அடுத்த ஆல்பம் 'கலா' 2012 பதிப்பில் இடம்பெற்றது. அதற்குச் சென்னையில் உறுமி அடிப்பவர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். எங்கள் கூடத்தில் அதைப் போட்டபோது, தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் "இது எங்க ஊர் கொடை மேளம்லா" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

டைம் இதழ் 2005இல் தேர்ந்தெடுத்த பத்துச் சிறந்த திரையிசை ஆல்பங்களில் 'ரோஜா' இருந்தது. அது ஒரு விமர்சகரின் தேர்வு.

நேர் எதிரான உதாரணம் பி.பி.சி. உலக சேவை 2002இல் தன் 70ஆம் ஆண்டை ஒட்டி நடத்திய இணைய வாக்கெடுப்பு. இது ஆல்பத்துக்கில்லை, பாட்டுக்கு. நான்காம் இடம் 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாம் இடம் திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஒன்பதாவது 'சைய்ய சைய்யா', பத்தாவது 'பொஹீமியன் ராப்சடி'. முதலிடத்தில் வந்தது அயர்லாந்தின் விடுதலைப் பாட்டு ஒன்று, மின்னஞ்சல் பிரச்சாரம் நடத்தி அங்கே கொண்டுபோனார்கள். தமிழ்ப் பாட்டு உலகில் நான்காவது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, அந்தப் பாட்டு அதற்குத் தகுதியானது. ஆனால் போக்கைப் படிக்க உட்காரும்போது, 2002இல் இணைய வசதியோடு உலகெங்கும் பரவியிருந்த தமிழரின் பாசத்தை அந்த எண் அளக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

தமிழ் ஆல்பங்களுக்கு இதே மாதிரி நாமே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் 'ஆல்பம்' என்றால் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் இதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தோம்.

இளையராஜா 1986இல் செய்த 'ஹவ் டு நேம் இட்?' சந்தேகமில்லாமல் ஆல்பம். 'அன்னக்கிளி' 1976இல் வந்த படம், அதன் பாட்டுகள் கதைக்காகப் போட்டவை. அதை ஆல்பம் என்று எடுத்தால் பின்னணி இசையை என்ன செய்வது? ஒரு படத்தில் மூன்று பாட்டு அற்புதம், இரண்டு சுமார் என்றால்?

என் வீட்டிலேயே ஒரு கேசட் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு மே மாதமும் திருநெல்வேலி போய்த் திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் ஐந்தாறு கேசட் கொண்டுவருவார். இந்தக் கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம். பி பக்கத்து லேபிளில் அப்பா பச்சை மையால் ஒரு பாட்டின் பெயரை மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்த இரண்டு படங்களும் எனக்கு இன்றும் ஒரே ஆல்பம். ஒரு படத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் என் காது தானாகவே அடுத்த படத்தின் முதல் பாட்டுக்குக் காத்திருக்கும். இன்னும் பலருக்கு ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட்தான் ஆல்பம். டிரங்குப் பெட்டியில் வராத ஆல்பம் தாராவியில் எத்தனையோ வீடுகளுக்கு இல்லவே இல்லாத ஆல்பம். மும்பைத் தமிழரிடம் வாக்கெடுத்தால் இந்த ஓட்டைகள் பட்டியலில் தெரியும், தெரிய வேண்டும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு: படத்தின் பாட்டுகள் முழுவதும் ஓர் ஆல்பம், பின்னணி இசை தனியாக வெளிவந்திருந்தால் தனி ஆல்பம். எல்லாருக்கும் திருப்தியில்லை. ஆனால் எழுதி ஒட்டிவிட்டோம்.

தாராவி ராப் இதில் எங்கே வரும்?

இப்போதைக்கு எங்கும் வராது. எனக்கு வருத்தம் இது. டோபடெலிக்ஸ் குழுவின் தமிழ் ராப் 2018இல் 'காலா' படத்தின் மூலம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தத் தெருக்களில் எழுதிப் பாடும் பிள்ளைகள் பலர் ஆல்பம் போடுவதில்லை, ஒவ்வொரு பாட்டாக வெளியிடுகிறார்கள். ஐம்பதுகளின் சக் பெர்ரிக்கு இருந்த அதே சிக்கல். ஆல்பம் என்ற அலகை வைத்து அளந்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். அதனால் அடுத்த முறை தனிப் பாட்டுகளுக்கு இன்னொரு சீட்டு வைக்கிறோம்.

எக்செல்லில் எப்படித் தொடங்குவது?

ஒரு வரிசைக்கு ஓர் ஆல்பம். கலைஞர், ஆல்பம், முதலில் வெளிவந்த ஆண்டு, ஒவ்வொரு பட்டியலிலும் அதன் இடம். மறுவெளியீட்டு ஆண்டை எழுதிவிடாதீர்கள், கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

பெயர்களில் கவனம். முதல் முறை நான் செய்தபோது வெள்ளை ஆல்பம் 2020இல் பட்டியலை விட்டே போய்விட்டது என்று எக்செல் சொன்னது. நானும் நம்பி நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டேன். ஒரு பட்டியலில் 'தி பீட்டில்ஸ்' என்றும் மற்றதில் 'வெள்ளை ஆல்பம்' என்றும் தட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அது 29ஆம் இடத்தில் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து, புதிதாக வந்தது, காணாமல் போனது என்று எக்செல் காட்டும் ஒவ்வொன்றையும் கண்ணால் ஒரு முறை சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

எந்தக் கணக்கையும் முதல் 10, முதல் 100, முழு 500 என்று மூன்று மட்டத்தில் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே திசை காட்டினால் தைரியமாகப் பேசலாம்.

ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லையே?

அது எத்தனை முறை ஓடியது என்று சொல்லும். சமையலறையில் ஓடியதா, கண்ணை மூடிக் கேட்டதா என்று சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தாராளமாக வாருங்கள். ஒரு தாளில் உங்கள் பத்து ஆல்பங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். மேலே நீங்கள் பிறந்த ஆண்டு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பக்கத்தில் அதை முதலில் எங்கே, எதில் கேட்டீர்கள் என்று ஒரு வரி: ஊர் டீக்கடை ரேடியோவா, அக்காவின் டேப் ரிக்கார்டரா, லோக்கல் வண்டியில் காதில் மாட்டிய போனா. பெயர் எழுத வேண்டாம். மழை பலமாக இருந்தால் அன்று சீட்டு எண்ண மாட்டோம், ஆல்பம் மட்டும் கேட்போம்.